அளவுகோலும் ஆசிரியரும்: தேர்வு முடிவுக்கேற்ற உதவித்தொகை முறையின் வரலாறு

முன்னுரை

ஓர் ஆசிரியர் தம் பணியைச் செவ்வனே ஆற்றுகிறாரா என்பதை எவ்வாறு அறிவது? மாணவர் அடைய வேண்டிய குறிக்கோள்களை முன்கூட்டியே வரையறுத்து, அவற்றை எத்தனை பேர் எட்டினர் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியரை மதிப்பிடலாம் என்பது பலரும் கூறும் விடையாகும். கேட்பதற்கு இது நேர்மையான விடையாகவே தோன்றுகிறது. மரம் அதன் கனியினால் அறியப்படும் என்று ஆண்டவரே கற்பித்திருக்க, மாணவரைக் கொண்டு ஆசிரியரை அறிவதில் என்ன தவறு இருக்க முடியும்?

இவ்விடை இன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நாடு முழுவதிலும் இது சட்டமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அந்நாட்டின் ஆட்சியின்கீழ் இருந்த சென்னை மாகாணத்திற்கும் இலங்கைக்கும் அது வந்து சேர்ந்தது. நம் மிஷன் பள்ளிகள் பல அதன் நிழலில் வளர்ந்தன. ஆகவே இவ்வரலாறு ஓரளவு நம் சொந்த வரலாறுமாகும். திருச்சபைப் பள்ளிகளின் நிர்வாகத்தில் பங்குபெறும் போதகர்களும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் இறையியல் மாணவர்களும் இதனை அறிந்திருப்பது நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

1. ஒரு போதகர் வகுத்த குறிக்கோள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் திருச்சபைகளின் கையிலேயே இருந்தது. அரசு தானே பள்ளிகளை நடத்தவில்லை. திருச்சபைகள் நடத்திய பள்ளிகளுக்கு உதவித்தொகை அளித்து, ஆய்வாளர்களை அனுப்பிப் பார்வையிட்டது. 1846இல் கே ஷட்டில்வொர்த் என்பவர் வகுத்த திட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கும் அவர்களிடம் பயிற்சி பெற்ற மாணவ ஆசிரியர்களுக்கும் அரசே நேரடியாகப் பணம் வழங்கிவந்தது. ஆண்டுதோறும் இச்செலவு பெருகியது. கிரிமியப் போரினால் அரசின் கருவூலம் நலிந்திருந்த காலம் அது. கொடுத்த பணத்திற்கு ஏற்ற பலன் கிடைக்கிறதா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

இதனை ஆராய 1858இல் நியூகாசில் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1861இல் வெளிவந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே நல்ல கல்வி பெறுகின்றனர் என்றும், ஆசிரியர்கள் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கருத்தைச் செலுத்திச் சிறுவர்களைப் புறக்கணிக்கின்றனர் என்றும் ஆணையம் கண்டது. இக்குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்பதை நாம் மறுக்கலாகாது. பின்னர் நேர்ந்த கேடுகளைக் கண்டு, தொடக்கத்தில் எழுந்த கேள்வியே தீயது என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. கல்லாமலே பள்ளியை விட்டு நீங்கிய ஏழைப் பிள்ளையின் சார்பில் கேட்கப்பட்ட கேள்வி அது.

அவ்வாணையத்தின் துணை ஆணையர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஃபிரேசர். அவர் கிராமப் போதகராய் இருந்தவர். பின்னாளில், 1870இல், மான்செஸ்டர் பேராயரானார். பத்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் ஓர் உழவன் மகனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் ஒரு பட்டியல் தந்தார். வழக்கிலுள்ள சொற்களைப் பிழையின்றி எழுத்துக் கூட்ட வேண்டும். செய்தித்தாளின் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் கணக்குச் சீட்டு சரிதானா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். தூர நாடுகள் எத்திசையில் உள்ளன என்பதைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும். வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும்போது தன் தாய்க்கு, அவள் வாசிக்கத்தக்கவாறு, ஒரு கடிதம் எழுத வேண்டும். எளிய நடையில் அமைந்த ஒரு பிரசங்கத்தைப் பின்பற்றி விளங்கிக்கொள்ளவும், கடவுளுக்கும் மனிதனுக்கும் தான் செய்ய வேண்டிய கடமைகளை உணரவும் போதிய அளவு திருமறையை அறிந்திருக்க வேண்டும்.

இப்பட்டியல் மிகத் தாழ்ந்தது என்று பிற்காலத்தார் குறைகூறியதுண்டு. உழைப்பாளியின் மகனுக்கு இவ்வளவே போதும் என்ற அக்கால மேட்டிமை எண்ணம் அதில் இல்லாமலில்லை. எனினும் அப்பட்டியலில் ஒரு மனிதன் தெரிகிறான். அவனுக்குத் தாய் இருக்கிறாள். கடையில் ஏமாறாதிருக்கும் உரிமை இருக்கிறது. ஆலயத்தில் ஓர் இடம் இருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்து நிகழ்ந்ததைக் காண்போம்.

2. 1862ஆம் ஆண்டு விதித்தொகுப்பு

ஆணையம் பல பரிந்துரைகளைச் செய்திருந்தது. உள்ளூர் வரியிலிருந்து பள்ளிகளுக்கு உதவ மாவட்டக் கல்விக் குழுக்கள் அமைய வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. அப்போது அரசின் கல்விக் குழுவிற்குத் துணைத் தலைவராயிருந்த இராபர்ட் லோ அதனை ஏற்கவில்லை. பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்வு செய்ய வேண்டும் என்ற ஒரு கருத்தை மட்டும் எடுத்து, அதன்மேல் முழு முறையையும் கட்டினார். 1862இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதித்தொகுப்பு இவ்வாறு பிறந்ததே. இம்முறை செலவு மிகுந்ததாயின் பயன் மிகுந்ததாயிருக்கும், பயன் குறைந்ததாயின் செலவும் குறைந்ததாயிருக்கும் என்ற கருத்தில் அவர் பாராளுமன்றத்தில் பேசியது புகழ்பெற்றது.

விதிகள் எளிமையானவை. சராசரி வருகையைக் கொண்டு பிள்ளை ஒன்றிற்கு 4 ஷில்லிங். காலையும் மாலையும் தனித்தனியே எண்ணப்பட, 200 வேளைகளுக்கு மேல் வந்திருந்த பிள்ளை ஒவ்வொன்றிற்கும் மேலும் 8 ஷில்லிங். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றனுள் எதில் பிள்ளை தவறினாலும், ஒவ்வொன்றிற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேர்வின்றி 6 ஷில்லிங் 6 பென்ஸ். கல்வி ஆறு தரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தரத்தில் ஒருமுறை தேர்வுக்கு நிறுத்திய பிள்ளையை மறுமுறை அதே தரத்தில் நிறுத்தலாகாது.

ஆறாம் தரத்திற்கு விதிக்கப்பட்டவை எவை? செய்தித்தாளின் ஒரு சிறு பத்தியை வாசித்தல், அத்தகைய வேறொரு பத்தியைச் சொல்லக் கேட்டு எழுதுதல், சரக்குச் சீட்டுக் கணக்கு ஒன்றைச் செய்தல். ஃபிரேசரின் பட்டியலோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். செய்தித்தாள் இருக்கிறது, கடைச் சீட்டு இருக்கிறது. தாய்க்கு எழுதும் கடிதம் இல்லை. பிரசங்கத்தைப் பின்பற்றும் அறிவு இல்லை. ஏன் இல்லை? ஆய்வாளர் ஒருவர் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்வு செய்து, ஒவ்வொருவருக்கும் மும்மூன்று குறிகளை இட்டுச் செல்ல வேண்டியிருந்தது. சொல்வதை எழுதுவதில் பிழைகளை எண்ணலாம். கடிதத்தில் அன்பை எப்படி எண்ணுவது? குறிக்கோளினின்று அளவுகோல் வெட்டியெடுக்கப்பட்டபோது, எண்ணக்கூடியது தங்கிற்று. எண்ண இயலாதது உதிர்ந்தது. எவரும் தீய எண்ணத்தோடு அதனை நீக்கவில்லை. அளக்கும் முறையே அதனை நீக்கிற்று.

3. அளவுகோல் பள்ளியை மாற்றிய விதம்

புதிய விதிப்படி அரசின் பணம் ஆசிரியருக்கு நேரே செல்லாமல் பள்ளி நிர்வாகியிடம் சென்றது. நிர்வாகி பெரும்பாலான இடங்களில் அவ்வூர்ப் போதகரே. பள்ளி ஈட்டும் தொகையில் ஒரு பங்கை ஆசிரியரின் ஊதியமாகப் பேசி முடிக்கும் வழக்கம் பரவியது. இதனால் ஆசிரியரும் போதகரும் ஒரு கூட்டுப்பணியின் உடன்வேலையாட்கள் என்ற நிலை தளர்ந்து, கணக்குப் பார்ப்பவரும் கணக்குக் கொடுப்பவரும் என்ற நிலை தோன்றியது. மாணவ ஆசிரியர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆண்டொன்றுக்கு 8 இலட்சம் பவுனுக்கு மேலிருந்த அரசு மானியம் சில ஆண்டுகளில் சுமார் 6½ இலட்சத்திற்கு இறங்கியது. செலவு குறைய வேண்டும் என்ற நோக்கம் நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும்.

கல்வி என்னவாயிற்று? இதற்குச் சிறந்த சாட்சி, 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த கவிஞர் மேத்யூ ஆர்னல்டு. விதித்தொகுப்பு வெளிவந்த 1862ஆம் ஆண்டிலேயே அதனை எதிர்த்துக் கட்டுரை எழுதித் தம் வேலைக்கே இடர் தேடிக்கொண்டவர் அவர். வாசிக்க அறியாத பிள்ளையும் வாசிப்பில் தேறலாம், கணக்கு அறியாத பிள்ளையும் கணக்கில் தேறலாம் என்பதைத் தம் அறிக்கைகளில் அவர் எடுத்துக்காட்டினார். தேர்வுக்குரிய வாசகப் புத்தகம் ஒன்றே. ஆண்டு முழுவதும் பிள்ளைகள் அதனையே திரும்பத் திரும்ப ஓதி மனப்பாடம் செய்தனர். ஆய்வாளர் வந்தபோது அவர்கள் வாசிப்பதுபோல் தோன்றியது. புத்தகத்தில் இல்லாத வேறொரு பத்தியைக் கொடுத்தால் தடுமாறினர்.

இன்னும் நுட்பமான கேடுகளும் நேர்ந்தன. எளிதில் தேறும் பிள்ளைக்கு மேலும் கற்பிப்பதால் பள்ளிக்கு ஒரு காசும் கூடவில்லை. 200 வேளைகளை எட்டமாட்டாத பிள்ளை, அதாவது அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வயலுக்குச் செல்லும் ஏழைப் பிள்ளை, பள்ளிக்கு ஊதியம் தராத பிள்ளையாயிற்று. நோயுற்றிருந்த பிள்ளைகளையும் தேர்வு நாளன்று பள்ளிக்குத் தூக்கிவந்ததுண்டு. புறக்கணிக்கப்பட்ட சிறுவர்களைக் காப்பதற்கென்று எழுந்த முறை, வேறு வகையில் சிறுவர்களைப் புறக்கணிக்கக் கற்பித்தது.

திருமறைப் பாடத்திற்கு உதவித்தொகை இல்லை. ஆகவே அதற்குரிய நேரம் சுருங்கிவிடும் எனத் திருச்சபையினர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இவ்விடத்தில் நம் முன்னோரின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஞானோபதேச வினாவிடைகளை ஒரு சொல்லும் பிசகாது ஒப்புவிக்கும் பிள்ளையே விசுவாசத்தில் தேறிய பிள்ளை என்று பல தலைமுறைகளாகப் பரிசளித்து வந்தவர்கள் யார்? லோ தம் அளவுகோலை நிதித்துறையிலிருந்து மட்டும் பெறவில்லை. ஒப்புவித்தலை அறிவென்று எண்ணும் பழக்கத்தைத் திருச்சபையும் வளர்த்திருந்தது.

1867இல் புவியியல், இலக்கணம், வரலாறு போன்ற பாடங்களுக்கும் சிறு தொகை சேர்க்கப்பட்டது. அளவுகோலின் குறையை மேலும் பல அளவுகோல்களால் நிரப்பும் முயற்சி இது. அப்பாடங்களும் அதே இயந்திர முறையில் கற்பிக்கப்பட்டன. 1890இல் முறை பெரிதும் தளர்த்தப்பட்டு, 1897க்குள் முற்றிலும் கைவிடப்பட்டது. எனினும் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் அதில் உருவாகிவிட்டனர். தலைமை ஆய்வாளராயிருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் எழுதிய நூலில், விதி நீங்கிய பின்னும் அதன் பழக்கம் வகுப்பறையை விட்டு நீங்கவில்லை என்று வருந்தினார். தாமும் அம்முறைக்கு உடந்தையாயிருந்ததை அவர் மறைக்கவில்லை.

4. சென்னை மாகாணமும் இலங்கையும்

இங்கிலாந்தின் எளியோர் கல்விக்கும் சென்னைக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டு. 1789 முதல் எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியில் கண்காணிப்பாளராயிருந்த குரு ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியில் கையாண்டார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அம்முறை ‘சென்னை முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு அங்கே சென்றது. எழுபது ஆண்டுகள் சென்றபின் அங்கிருந்து அளவுகோல் இங்கே வந்தது.

1854ஆம் ஆண்டு உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்க வழிவகுத்திருந்தது. மிஷன் சங்கங்கள் பல அதனை ஏற்றன. சென்னை மாகாணத்தில் 1860களின் பிற்பகுதியில், உயர்நிலைக் கல்விக்கு ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதியை அளிக்கும் முறையும், தொடக்கப் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவை ஒட்டி அளிக்கும் ‘ரிசல்ட் கிராண்ட்’ முறையும் இடம்பெற்றன. திண்ணைப் பள்ளிகள் பலவும் இதனால் அரசின் பார்வைக்குள் வந்தன. இலங்கையில் மோர்கன் குழுவின் 1867ஆம் ஆண்டு அறிக்கையின் பின் 1869இல் கல்வித்துறை அமைக்கப்பட்டு, 1870இல் இம்முறை தொடங்கியது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளும் அதன்கீழ் உதவி பெற்றன.

இம்முறையால் நன்மையே விளையவில்லை என்று கூறுவது பொருந்தாது. சாதி பாராது, சமயம் பாராது, தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று விதி பேசிற்று. மிஷன் பள்ளிகள் எண்ணிக்கையில் பெருகுவதற்கு அது துணைசெய்தது. ஆனால் நம் சிற்றூர்ப் பள்ளியின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அங்கே ஆசிரியர் ஆசிரியர் மட்டுமல்லர். பல ஊர்களில் அவரே உபதேசியார். மாலை செபத்தை நடத்துபவரும், நோயாளியைச் சந்திப்பவரும், சபையாருக்கு மனு எழுதித் தருபவரும் அவரே. ஆய்வாளரின் பட்டியலில் இவற்றிற்கு இடமில்லை. தலைமுறை தலைமுறையாய் எழுத்து மறுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து முதல் பிள்ளை பலகையைக் கையிலேந்திய நாள் எத்துணை பெரிய நாள்! அந்த நாளுக்கும் விதியில் மதிப்பில்லை. அப்பிள்ளை தேர்வில் தவறினால், கணக்கில் அது ஒரு கழிவு மட்டுமே.

1882இல் ஹன்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்வி ஆணையம் இதனை ஓரளவு உணர்ந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் அதன் உறுப்பினருள் ஒருவர். கல்லூரிகளுக்கு இம்முறை கூடாது என்றது ஆணையம். தொடக்கப் பள்ளிகளுக்குப் பெருமளவில் தேர்வு முடிவைக் கொண்டே உதவலாம் என்றும், பின்தங்கிய பகுதிகளுக்கும் தனிச் சூழ்நிலையில் உள்ள பள்ளிகளுக்கும் சிறப்பு விதிகள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கற்றோர் பயிலும் கல்லூரியை அளவுகோலினின்று விடுவித்து, எளியோர் பள்ளியை அதன்கீழ் விட்டுவைத்த இம்முடிவில் ஒரு முரண் உண்டு. ஆயினும், எல்லா மண்ணையும் ஒரே மரக்காலால் அளக்கலாகாது என்ற ஒப்புதலும் அதில் உண்டு. கர்சன் காலத்தில் வெளியான 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறைக்கு எதிராகவே பேசிற்று. அதன்பின் அது படிப்படியாக மறைந்தது.

5. மீண்டும் வந்த முறை

மறைந்த முறை ஒரு நூற்றாண்டுக்குப்பின் அமெரிக்காவில் புதுக்கோலத்தில் தோன்றியது. 1999இல் டென்வர் நகரப் பள்ளிகளில், ஆசிரியர் சங்கத்தின் இசைவுடன் ஒரு சோதனை தொடங்கியது. அங்கே ஆசிரியர் தம் மாணவரின் நிலையைக் கண்டு, அவ்வாண்டுக்குரிய குறிக்கோள்களைத் தாமே வகுத்து, தலைமையாசிரியரின் ஒப்புதலைப் பெற்றார். அவற்றை எட்டினால் கூடுதல் ஊதியம். லோவின் முறையினின்று இது ஒரு முக்கியமான வகையில் வேறுபட்டது. குறிக்கோள் தலைநகரிலிருந்து வரவில்லை. பிள்ளையின் முகத்தை அறிந்தவரிடமிருந்து வந்தது. கவனத்துடன் வகுக்கப்பட்ட குறிக்கோள் இருந்த வகுப்புகளில் மாணவர் அடைவும் உயர்ந்திருந்ததாக அச்சோதனையை ஆராய்ந்தோர் கண்டனர்.

2009இல் மத்திய அரசு போட்டி நிதி ஒன்றை அறிவித்து, மாணவர் வளர்ச்சியை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்க்குமாறு மாநிலங்களை ஊக்குவித்தபின் நிலைமை மாறியது. பொதுத்தேர்வு இல்லாத இசை, ஓவியம் போன்ற பாடங்களின் ஆசிரியர்களும் எண்ணில் காட்டத்தக்க குறிக்கோள்களை எழுத வேண்டியதாயிற்று. வழிகாட்டியாயிருந்தது வேலைக்கு நிபந்தனையாயிற்று. எளிதில் எட்டக்கூடியதையே குறிக்கோளாக எழுதும் சோதனை பிறந்தது. பொதுத்தேர்வு நெருக்கடி முற்றிய அட்லாண்டா நகரில், 44 பள்ளிகளில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டமை 2011இல் வெளியான அரசு விசாரணையில் தெரியவந்தது; 2015இல் பதினொரு கல்வியாளர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட புதிய சட்டம், ஆசிரியர் மதிப்பீட்டைப் பற்றிய மத்திய அரசின் வற்புறுத்தலை நீக்கிற்று.

இதற்கு மாறான சான்றையும் மறைக்கலாகாது. ஆந்திர மாநிலத்துக் கிராமப் பள்ளிகளில் நடத்தப்பட்டு, 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், மாணவர் முன்னேற்றத்திற்கேற்பச் சிறு ஊக்கத்தொகை பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் கணக்கிலும் மொழியிலும் மற்றவரைவிட நன்கு தேறினர். ஊக்கத்தொகைக்கு உட்படாத பாடங்களிலும் அவர்கள் பின்தங்கவில்லை. ஆசிரியர் வராமையே பெருங்குறையாயுள்ள இடத்தில், பலனைக் கேட்பதே ஒரு விழிப்பை உண்டாக்கும் போலும். ஆகவே அளவிடுவதா வேண்டாமா என்பதன்று கேள்வி. எதனை அளவிடுகிறோம், யார் அளவிடுகிறார், அளவின்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறோம் என்பனவே கேள்விகள்.

6. இறையியல் நோக்கு

கொரிந்து சபையில் பவுலின் ஊழியத்தையும் அப்பொல்லோவின் ஊழியத்தையும் ஒப்பிட்டு எடைபோட்டவர்கள் இருந்தனர். அவர்களுக்கு அப்போஸ்தலர் தந்த விடை 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் உள்ளது. நடுகிறவர் ஒருவர், நீர் பாய்ச்சுகிறவர் ஒருவர், விளையச் செய்கிறவரோ கடவுள். இங்கே கவனிக்கத்தக்கது எட்டாம் வசனம். கூலி உண்டு என்கிறார் பவுல். ஆனால் எதற்கேற்ற கூலி? அவர் ஆளும் கிரேக்கச் சொல் ‘கொப்பொஸ்’. களைப்புறும்படியான பாடு என்பது அதன் பொருள். விளைச்சலுக்கேற்ற கூலி என்று அவர் கூறவில்லை. விளைச்சல் கடவுளுடையது.

அதே அதிகாரம் இங்கே நின்றுவிடவில்லை. அவரவர் கட்டும் வேலை எத்தகையது என்பதை நெருப்பு சோதிக்கும் என்று பவுல் தொடர்ந்து கூறுகிறார். ஆகவே, பலன் கடவுளுடையது என்று சொல்லிக்கொண்டு சோம்பலாயிருக்கும் ஆசிரியருக்கு இப்பகுதியில் புகலிடம் இல்லை. சோதனை உண்டு. ஆனால் அது வேலையின் தன்மையைச் சோதிப்பது. பொன்னா வைக்கோலா என்று பார்ப்பது. எத்தனை முழம் கட்டினான் என்று மட்டும் பார்த்தால் வைக்கோலே விரைவில் உயரும். 1862ஆம் ஆண்டு விதித்தொகுப்பு செய்தது அதுவே.

முடிவுரை

நம் திருச்சபைப் பள்ளிகள் பலவற்றின் வாயிலில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற பலகை தொங்குவதைக் காண்கிறோம். அந்த நூறு நிறைவதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழுடன் அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எப்பலகையும் கூறுவதில்லை. அப்பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்பவர்களுள் நம் போதகர்களும் உளர் என்பதால், இக்கேள்வியை அரசிடம் மட்டும் தள்ளிவிட முடியாது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயப் போதகர் உதவித்தொகைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரை நோக்கிய அதே இடத்தில் நாமும் அமர்ந்திருக்கிறோம்.

இறையியல் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. செராம்பூர் ஆட்சிப்பேரவையின் பொதுத்தேர்வில் எத்தனை பேர் தேறினர் என்று கேட்கிறோம்; கேட்க வேண்டியதே. அதனோடு, பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்து தேறியவர் துக்க வீட்டில் ஒரு தாயின் அருகில் அமர்ந்து என்ன பேசுவார் என்பதையும் கேட்கிறோமா? அதனை எண்ணால் அளக்க இயலாது. ஆனால் அறிய இயலும். உடனிருந்து பார்க்கும் மூத்த போதகர் அறிவார், சபையார் அறிவார், சில ஆண்டுகள் கழித்துத் தம் மாணவரைச் சென்று காணும் ஆசிரியர் அறிவார். எனவே குறிக்கோள்களை வகுப்போமாக; அவற்றை ஆசிரியரோடு அமர்ந்து வகுப்போமாக; எண்ணத்தக்கவற்றை எண்ணுவோமாக. ஆனால் எண்ணுக்குள் அடங்காதவற்றைப் பட்டியலினின்று அடித்துவிடாதிருப்போமாக.

ஃபிரேசரின் பட்டியலிலிருந்த அந்தச் சிறுவன் தன் தாய்க்குக் கடிதம் எழுதக் கற்றானா என்று எந்த ஆய்வாளரும் கேட்கவில்லை. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அதனைக் கேட்பவர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அப்பொறுப்பு திருச்சபையுடையது.